வெள்ளை முடிக்கும் குடலுக்கும் என்ன உறவு?

பிறந்து இரண்டு நாளாகியும் குழந்தை மலம் கழிக்கவில்லை. வயிறு உப்பிக்கொண்டே போகிறது, பால் குடித்தால் பச்சையாக வாந்தி எடுக்கிறது. பார்க்க வரும் குழந்தை மருத்துவரின் கண்ணில் வயிற்றுக்கு முன்பே வேறொன்று படுகிறது. கருகருவென்ற முடிக்கு நடுவே, நெற்றிக்கு மேலே ஒரு கற்றை மட்டும் வெள்ளை. கருவிழியில் நீலம் பாய்ந்திருக்கிறது. அனுபவம் உள்ள மருத்துவர் என்றால் குடலுக்கு எக்ஸ்ரே எழுதும்போதே காது கேட்கும் சோதனைக்கும் சேர்த்து எழுதிவிடுவார்.

மும்பையில் ஷா என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் இப்படிப்பட்ட குழந்தைகளைப் பற்றி 1981இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இன்று அது வார்டன்பர்க்–ஷா நோய்க்குறித் தொகுதி என்ற பெயரில் பாடநூல்களில் இருக்கிறது. முடி, கண், காது, பெருங்குடல் என்று நான்கு இடத்தில் கோளாறு. நான்கும் ஒன்றுக்கொன்று வெகு தொலைவு. ரத்தக் குழாயால் இணைந்தவை அல்ல, ஒரே வேலையைச் செய்பவையும் அல்ல. வளர்ந்த உடலை எத்தனை முறை அறுத்துப் பார்த்தாலும் இவற்றின் உறவு தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளக் கருவின் நான்காம் வாரத்துக்குப் போகவேண்டும்.

ஒருவரைப் புதிதாகச் சந்தித்தால் வேலை என்ன, வீடு எங்கே என்று கேட்டு முடித்த பிறகும் சொந்த ஊர் எது என்று கேட்காமல் நமக்கு மனம் ஆறாது. உடற்கூறியல் முதல் இரண்டு கேள்விகளோடு நின்றுவிடுகிறது. கருவியல் மூன்றாவதைக் கேட்கிறது. மருத்துவத்தில் பல முடிச்சுகள் அந்த மூன்றாவது கேள்வியில்தான் அவிழ்ந்திருக்கின்றன. அந்தக் கேள்வியே தப்பான பதிலுக்கு இழுத்துச் சென்றதும் உண்டு.

பள்ளிப் பாடத்தில் படித்ததை முதலில் ஞாபகப்படுத்திக்கொள்வோம். கரு உருவாகி இரண்டு வாரம் முடியும் நேரத்தில், உடலாக மாறப்போகும் பகுதி ஒரே அடுக்குள்ள ஒரு சின்னத் தட்டுதான். பதினைந்தாம் நாளை ஒட்டி அந்தத் தட்டின் நடுவே, பின்பக்கம் ஒரு கோடு விழுகிறது. ஆதிக்கோடு என்பது அதன் பெயர். மேலடுக்கின் செல்கள் அந்தக் கோட்டை நோக்கி நகர்ந்து, அதன் வழியாக உள்ளே இறங்குகின்றன. முதலில் இறங்கியவை அக அடுக்கு. அடுத்து இறங்கி இடையில் பரவியவை நடு அடுக்கு. இறங்காமல் மேலேயே தங்கியவை புற அடுக்கு. எண்டோடெர்ம், மீசோடெர்ம், எக்டோடெர்ம் என்று மனப்பாடம் செய்த மூன்றும் இவைதான். மூன்றும் ஒரே மேலடுக்கின் பிள்ளைகள் என்பதைப் பாடநூல் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடும்.

பட்டியல் பெரும்பாலோருக்குத் தெரிந்ததுதான். மேல்தோல், முடி, நகம், மூளை, தண்டுவடம் எல்லாம் புற அடுக்கு. தசை, ரத்தம், இதயம், சிறுநீரகம் நடு அடுக்கு. குடலின் உள்பூச்சு, நுரையீரலின் உள்பூச்சு, கல்லீரல், கணையம் அக அடுக்கு. மண்ணீரல் மட்டும் கொஞ்சம் ஏமாற்றும். இரைப்பைக்குப் பக்கத்திலேயே குடியிருந்தாலும் அது நடு அடுக்கைச் சேர்ந்தது.

இந்த அடுக்குகளை முதலில் கண்டவர் கிறிஸ்டியன் பாண்டர். ரீகா நகரில் பிறந்த அவர், ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க்கில் கோழி முட்டைகளை மணிக்கணக்கு வாரியாக உடைத்துப் பார்த்து 1817இல் தம் முடிவுகளை வெளியிட்டார். அவருடைய நண்பர் கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேர், கோழிக்கு மட்டுமல்ல, முதுகெலும்புள்ள எல்லா உயிர்களுக்கும் இது பொருந்தும் என்று விரித்தார். 1850களில் பெர்லினில் ராபர்ட் ரேமாக் இவை செல்களால் ஆன மூன்று அடுக்குகள் என்று தெளிவுபடுத்தினார். யூதர் என்பதால் அவருக்குப் பல்கலைக்கழகத்தில் முழுப் பேராசிரியர் பதவி கடைசிவரை கிடைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அழகான கோட்பாடு. அதன் அழகே பிறகு தொல்லையாகிவிட்டது. எலும்பும் குருத்தெலும்பும் நடு அடுக்கிலிருந்து மட்டும்தான் வரும், நரம்பு புற அடுக்கிலிருந்து மட்டும்தான் வரும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அது ஒரு சட்டமாக இறுகிவிட்டது. மீறிப் பேசுவோருக்கு என்ன நேரும் என்பதற்கு ஜூலியா பிளாட் சாட்சி.

அவர் கதைக்கு முன் கொஞ்சம் பின்னணி வேண்டும். 1868இல் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் வில்ஹெல்ம் ஹிஸ் கோழிக் கருவில் ஒரு மெல்லிய செல் பட்டையைக் கண்டிருந்தார். கருவின் முதுகுப்புறத்தில் புற அடுக்கு பள்ளமாகக் குழிந்து, இருபக்க விளிம்புகளும் எழும்பி ஒட்டிக்கொண்டு குழலாகிறது. அதுதான் பின்னாளில் மூளையும் தண்டுவடமும் ஆகும் நரம்புக் குழல். ஹிஸ் கண்ட பட்டை, அந்த விளிம்புகள் ஒட்டும் இடத்தில், குழலுக்கும் மேல்தோலுக்கும் நடுவே இருந்தது. இன்று நரம்பு முகடு என்கிறோம். ஏதோ சில நரம்பு முடிச்சுகள் அதிலிருந்து வருகின்றன என்ற அளவில் அன்றைய அறிவு நின்றது.

அமெரிக்கரான ஜூலியா பிளாட், நீரில் வாழும் ஒருவகைச் சாலமாண்டரின் கருக்களைப் படிப்படியாக வெட்டிப் பார்த்து, தலையின் குருத்தெலும்புகளும் பல்லின் உட்பகுதியான டென்டினும் புற அடுக்கிலிருந்து வருகின்றன என்று 1893இல் எழுதினார். புற அடுக்கிலிருந்து குருத்தெலும்பா? துறையின் பெரிய மனிதர்கள் பலர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. பிளாட் ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் 1898இல் முனைவர் பட்டம் பெற்றார். பெண் என்பதால் பல்கலைக்கழக வேலை கிடைக்கவில்லை. ஆய்வையே விட்டுவிட்டுக் கலிஃபோர்னியாவின் பசிபிக் குரோவ் என்ற கடற்கரை ஊரில் குடியேறி, 1931இல், எழுபது வயதைத் தாண்டிய பிறகு, அந்த ஊரின் மேயராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அங்கே கடலோர உயிர்களுக்கு ஒரு பாதுகாப்புப் பகுதி அமையக் காரணமானவரும் அவரே. அந்த ஊருக்கு நல்லது நடந்தது. கருவியல்தான் ஏறக்குறைய அரை நூற்றாண்டை இழந்தது. ஏனென்றால் அவர் சொன்னது சரி.

நரம்பு முகட்டுச் செல்களுக்கு ஒரே இடத்தில் இருப்புக்கொள்ளாது. நரம்புக் குழல் மூடும் சமயத்தில், மனிதக் கருவில் நான்காம் வாரத்தை ஒட்டி, அவை தம் அண்டைச் செல்களோடு இருந்த பிடிப்பை விட்டுவிட்டுத் தனித்தனியாகப் புறப்படுகின்றன. சில தோலுக்கு அடியில் பரவி நிறமிச் செல்கள் ஆகின்றன. சில முகத்துக்குப் போய்த் தாடை எலும்பு, கன்ன எலும்பு, காதுக்குள் இருக்கும் சிற்றெலும்புகள் ஆகின்றன. சில இதயத்தின் வாயிலில் பெருந்தமனியையும் நுரையீரல் தமனியையும் பிரிக்கும் சுவருக்குத் துணைபோகின்றன. சில அட்ரீனல் சுரப்பிக்குள் நுழைந்துவிடுகின்றன. ஒரு கூட்டம் தொண்டைப் பகுதியில் குடலுக்குள் இறங்கி, நான்காம் வாரத்தில் தொடங்கி ஏழாம் வாரத்துக்குள் அதன் கடைசிவரை நகர்ந்து, குடல் சுவரின் நரம்பு வலையாகிறது. நரம்பு முகட்டை நான்காவது கரு அடுக்கு என்றே சிலர் அழைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அடுக்கு என்றால் ஓரிடத்தில் படிந்திருக்க வேண்டும், இவை அப்படிப் படிவதே இல்லை.

இத்தனை இடங்களுக்கு ஒரே செல் பட்டை போகிறது என்று எப்படித் தெரிந்தது? நடந்துபோகும் செல்லுக்கு அடையாளம் இல்லை. இடம் சேர்ந்ததும் அது அக்கம்பக்கத்துச் செல்களோடு கலந்து மறைந்துவிடும். வழியைக் காட்டியது காடை.

பிரான்சில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஆய்வுக்கு வந்தவர் நிக்கோல் லெ துவாரென். 1960களின் இறுதியில் அவர் கோழித் திசுவையும் ஜப்பானியக் காடைத் திசுவையும் சேர்த்து வளர்த்துக்கொண்டிருந்தார். டிஎன்ஏவுக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தபோது, காடைச் செல்லின் உட்கருவில் நடுவே அடர்ந்த ஒரு பெரிய புள்ளி தெரிந்தது. கோழிச் செல்லில் அப்படியில்லை, அங்கே அந்தப் பொருள் சிதறிக் கிடந்தது. இந்த வேறுபாட்டை 1969இல் அவர் வெளியிட்டார். நம் ஊர்க் கடைகளில் வறுத்துத் தரும் பண்ணைக் காடையும் ஜப்பானியக் காடைதான், ஆனால் தட்டில் வந்தபிறகு அதன் உட்கருவைப் பற்றி யார் கேட்கப்போகிறார்கள்.

அந்தப் புள்ளியின் மதிப்பு என்னவென்றால், செல் எங்கே போனாலும், எத்தனை முறை பிரிந்தாலும், எலும்பானாலும் நரம்பானாலும் அது மாறாது. முட்டை ஓட்டில் சிறிய சன்னல் வெட்டி, இரண்டு நாள் வயதுக் கோழிக் கருவின் நரம்புக் குழலில் ஒரு துண்டை முகட்டோடு எடுத்துவிட்டு, அதே இடத்தில் அதே வயதுக் காடையின் துண்டை வைத்து, சன்னலை ஒட்டி மீண்டும் அடைகாக்கும் பெட்டியில் வைத்தார்கள். பிறகு புள்ளி எங்கெங்கே தெரிகிறது என்று தேடினால் போதும். சில குஞ்சுகள் பொரிந்தே வெளிவந்தன. வெள்ளைக் கோழிக்குஞ்சுதான், ஆனால் ஒட்டு வைத்த மட்டத்தில் மட்டும் காடையின் நிறத்தில் இறகு. 1988இல் லெ துவாரெனின் குழுவும் இவான் பாலபனும் சேர்ந்து இன்னொரு படி போனார்கள். காடை மூளையின் குறிப்பிட்ட பகுதியைக் கோழிக் கருவில் வைத்து, குஞ்சு பொரிந்தபின் டெஸ்டோஸ்டீரோன் கொடுத்துக் கூவவைத்தபோது, சில குஞ்சுகள் கோழியின் தோரணையில் அல்லாமல் காடையின் தோரணையில் கூவின.

கூவியது வேடிக்கைதான். மருத்துவத்துக்கு அதிகம் உதவியது மரியே-ஏமே தெய்யேவுடன் லெ துவாரென் செய்த, சத்தமில்லாத வேறொரு பரிசோதனை. கருவின் முதுகின் இருபக்கமும் சோமைட் எனப்படும் திசுக்கட்டிகள் சோடி சோடியாக வரிசையில் தோன்றும், அவற்றை எண்ணி முகட்டில் இடம் குறிக்கலாம். கோழியில் 1 முதல் 7 வரையிலான சோமைட்டுகளின் மட்டத்தில் புறப்படும் செல்கள் குடல் நரம்பாகின்றன. 18 முதல் 24 வரையிலான மட்டத்தில் புறப்படுபவை அட்ரீனலின் உட்பகுதியாகின்றன. சரி, இடத்தை மாற்றி வைத்தால்? அட்ரீனலுக்குப் போக வேண்டியவற்றைக் கழுத்து மட்டத்தில் நட்டார்கள். அவை குடலுக்குள் இறங்கிக் குடல் நரம்பாயின. தலைப் பகுதியின் முகட்டுச் செல்களை அட்ரீனல் மட்டத்தில் நட்டால் அவை அட்ரீனல் செல்களாயின. ஆக, பிறந்த இடம் ஒரு செல்லுக்குப் பல வாய்ப்புகளைக் கொடுக்கிறது. அவற்றில் எது நடக்கும் என்பதைப் போகும் வழியும் போய்ச் சேரும் இடமும் முடிவுசெய்கின்றன.

இப்போது அந்தக் குழந்தையின் நான்கு கோளாறுகளும் ஒன்றாகத் தெரியும். எண்டோதெலின் என்ற சமிக்ஞையையோ, சாக்ஸ்10 என்ற புரதத்தையோ செய்யும் மரபணுவில் பழுது இருந்தால், முகட்டிலிருந்து கிளம்பும் செல்கள் பெருகித் தொலைதூரம் போய்ச் சேர முடியாது. நிறமிச் செல் எட்டாத இடத்தில் முடி வெளுக்கிறது, கருவிழி நீலமாகிறது. உள்காதில் ஒலியுணரும் செல்களைச் சுற்றியுள்ள பொட்டாசியம் மிகுந்த திரவத்தைப் பராமரிப்பதில் நிறமிச் செல்களுக்குப் பங்கு உண்டு, அவை இல்லாவிட்டால் காது கேட்காது. குடலில் நீண்ட தூரம் போக வேண்டிய கூட்டம் பாதியில் நின்றுவிட்டால், கடைசிப் பகுதிக்கு நரம்பே இல்லை.

எப்போதும் கடைசிப் பகுதியே பாதிக்கப்படுவதற்கும் இதுவே விளக்கம். நரம்பில்லாத அந்தப் பகுதி தளர்ந்து வழிவிடத் தெரியாமல் இறுகியே கிடக்க, அதற்கு மேலுள்ள குடல் உப்புகிறது. கோபன்ஹேகனின் ஹரால்ட் ஹிர்ஷ்பிரங் 1886இல் இந்த நோயை விவரித்தபோது பார்வையைக் கவர்ந்தது உப்பிய பகுதி. நோய் அங்கேதான் என்று வெகுகாலம் நம்பினார்கள். பார்ப்பதற்குச் சாதாரணமாக இருந்த குறுகிய கீழ்ப்பகுதிதான் குற்றவாளி என்று உணர்ந்து, அதை வெட்டியெடுத்து நல்ல குடலைக் கீழே இழுத்துத் தைக்கும் அறுவைமுறையை ஆர்வார் ஸ்வென்சன் 1948இல் வெளியிட்டார். சுமார் 5,000 பிறப்புகளில் ஒன்றுக்கு வரும் இந்த நோயில் பெரும்பாலான குழந்தைகளுக்கு வெள்ளைமுடி இருப்பதில்லை, குடல் கோளாறு மட்டும்தான்.

அட்ரீனலைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசலாம். சிறுநீரகத்தின் தலையில் தொப்பியாக உட்கார்ந்திருக்கும் இந்தச் சுரப்பியை நாம் ஓர் உறுப்பு என்கிறோம். உண்மையில் அது இரண்டு. வெளிப்பகுதி நடு அடுக்கில் பிறந்து கார்ட்டிசால் போன்ற ஸ்டீராய்டுகளைச் சுரக்கிறது. உட்பகுதி முகட்டிலிருந்து வந்து அட்ரீனலினைச் சுரக்கும் ஒருவகை நரம்புத் திசு. சுறாக்களில் இந்த இரண்டும் இன்றுவரை தனித்தனி உறுப்புகளாகவே இருக்கின்றன. பாலூட்டிகளில் ஏன் ஒன்றுக்குள் ஒன்று? 1960களில் ரிச்சர்ட் வுர்ட்மனும் ஜூலியஸ் ஆக்செல்ராடும் ஒரு பதில் கண்டார்கள். நார்அட்ரீனலினை அட்ரீனலினாக மாற்றும் நொதி நன்றாக வேலைசெய்ய மிக அதிக அடர்த்தியில் கார்ட்டிசால் வேண்டும், வெளிப்பகுதியிலிருந்து வழியும் ரத்தம் அதை நேரடியாக உட்பகுதிக்குக் கொடுக்கிறது. பூர்வீகம் வேறானாலும் சேர்ந்து வாழ்வதில் ஆதாயம் இருக்கிறது. கட்டி வரும்போது மட்டும் இரண்டும் பிரிந்துவிடும். உட்பகுதியின் கட்டி ரத்த அழுத்தத்தைத் திடீர் திடீரென ஏற்றி, வியர்க்கவைத்து, நெஞ்சைப் படபடக்கச் செய்யும். அதே வகைக் கட்டி அட்ரீனலுக்கு வெளியே, முதுகெலும்பை ஒட்டியுள்ள நரம்பு முடிச்சுகளிலும் முளைக்கலாம். முகட்டுச் செல்கள் போன வழி தெரிந்த மருத்துவர் அங்கேயும் தேடுவார்.

பல்லிலும் இந்த இரட்டைப் பிறவி உண்டு. எனாமல் வாயின் புற அடுக்குச் செல்கள் செய்தது. டென்டின் முகட்டுச் செல்களின் வேலை. எனாமலைச் செய்யும் செல்கள் பல் முளைத்து வெளிவரும்போதே மறைந்துவிடுவதால் தேய்ந்த எனாமல் மீண்டும் வளர்வதில்லை. டென்டினைச் செய்பவை பல்லுக்குள் கடைசிவரை உயிரோடு இருந்து, சொத்தை நெருங்கும்போது உள்ளிருந்து கொஞ்சம் சுவர் கட்டிப் பார்க்கும்.

முகப்பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரையைக் கர்ப்பிணிகள் தொடவே கூடாது என்பதும் இந்த இடப்பெயர்ச்சியோடு சம்பந்தப்பட்டது. 1985இல் வெளியான ஓர் ஆய்வு, அந்த மருந்துக்கு ஆளான கருக்களில் காது, தாடை, இதயத்தின் வாயில், தைமஸ் சுரப்பி ஆகியவை கெடுவதைக் காட்டியது. அந்தப் பட்டியலைப் படித்ததும் கருவியலாளருக்கு முகடு ஞாபகம் வந்திருக்கும். செல்கள் புறப்படும் காலம் கர்ப்பத்தின் மிகத் தொடக்கம், பல பெண்களுக்குத் தாங்கள் கருவுற்றிருப்பதே அப்போது உறுதியாகியிருக்காது. கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே ஃபோலிக் அமிலத்தைச் சாப்பிடச் சொல்வதும் இதே காரணத்தால்தான். நரம்புக் குழல் 28ஆம் நாளுக்குள் மூடிவிடும், அதற்குப் பிறகு மாத்திரை தொடங்கினால் குழல் மூடாமல் போகும் கோளாறைத் தடுக்க வழியில்லை. முன்பு அப்படிப்பட்ட குழந்தை பெற்ற தாய்மார்களுக்கு ஃபோலிக் அமிலம் கொடுத்தபோது மீண்டும் வரும் ஆபத்து 72 சதவீதம் குறைந்ததாக பிரிட்டனின் மருத்துவ ஆய்வு மன்றம் 1991இல் அறிவித்தது.

இதுவரை சொன்னதைக் கேட்டால், சேர்ந்து வரும் நோய்களை எல்லாம் ஒரே பூர்வீகம் என்று முடிவுகட்டிவிடத் தோன்றும். அங்கேதான் வழுக்குகிறது. தைராய்டு சுரப்பியில் கால்சிடோனின் சுரக்கும் செல்கள் சில உண்டு. அவற்றில் வரும் புற்றும் அட்ரீனல் உட்பகுதிக் கட்டியும் ஒரே குடும்பத்தில், ஒரே ஆளுக்குக்கூட, சேர்ந்து வருவது தெரிந்த விஷயம். ரெட் என்ற மரபணு இரண்டுக்கும் காரணம். காடை–கோழி ஒட்டுகளில் பறவையின் கால்சிடோனின் செல்கள் முகட்டிலிருந்து வருவதாகவும் தெரிந்தது. பிறகென்ன, மனிதரிலும் அவை முகட்டுச் செல்களே என்று பாடநூல்கள் எழுதின. நோய்களின் சேர்க்கையும் பறவையின் சான்றும் பொருந்திப்போனபோது யாருக்கும் சந்தேகம் வரவில்லை. 2015இல் சுவீடன் ஆய்வாளர்கள் எலிக் கருவில் செல்களின் மரபுவழியைக் குறியிட்டுத் தொடர்ந்தபோது, அவை தொண்டையின் அக அடுக்கிலிருந்து வருவது தெரிந்தது. ஒரே மரபணுவைப் பயன்படுத்துவதால் இரண்டு செல்வகைகளும் ஒரே பழுதுக்கு ஆளாகின்றன, அவ்வளவுதான். அதற்கு இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்திருக்க வேண்டியதில்லை. பாலூட்டிக்கும் பறவைக்கும் நடுவில் இருப்பது சின்ன இடைவெளியும் அல்ல.

டிஜார்ஜ் நோயும் இப்படி ஒரு கேள்வியை எழுப்பியது. 22ஆம் குரோமோசோமில் சிறு துண்டு விடுபடுவதால் வரும் இதில் இதயக் கோளாறு, தைமஸ் இல்லாமை, பாராதைராய்டு குறைபாட்டால் கால்சியம் இறங்கி வலிப்பு, பிளவுபட்ட அண்ணம் எல்லாம் சேர்ந்து வரும். மார்கரெட் கிர்பி 1983இல் கோழிக் கருவின் தலைப்பகுதி முகட்டை அகற்றி, இதய வாயிலின் சுவர் உருவாகாமல் போவதைக் காட்டியதும், டிஜார்ஜ் ஒரு முகட்டு நோய் என்று தோன்றியது. பின்னர் முக்கியக் குற்றவாளியாகப் பிடிபட்ட டிபிஎக்ஸ்1 மரபணு, முகட்டுச் செல்லுக்குள் அதிகம் வேலை செய்வதில்லை. அந்தச் செல்கள் கடந்துபோகும் தொண்டைப் பகுதியின் அக, நடு அடுக்குத் திசுக்களில்தான் வேலை செய்கிறது. பயணிக்கும் செல்லில் பழுதில்லை, வழியில்தான் பழுது.

இந்த அறிவைச் சோதனைக்கூடத்தில் பயன்படுத்துபவர்கள் இன்று ஸ்டெம் செல்லைத் திசுவாக மாற்றுபவர்கள். நீரிழிவுக்காரருக்கு இன்சுலின் சுரக்கும் கணையச் செல் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எதுவாகவும் மாறத் தயாராக இருக்கும் ஒரு ஸ்டெம் செல்லிடம் நேரடியாக அதைக் கேட்டால் கிடைக்காது. சான் டியகோவில் நோவோசெல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட முறை ஐந்து படிகள் கொண்டது. முதலில் அக அடுக்கு, அடுத்து ஆதிக் குடல் குழல், அப்புறம் முன்குடலின் பின்பகுதி, பிறகு கணைய மூதாதைச் செல், கடைசியில் ஹார்மோன் சுரக்கும் செல். கருவில் எந்தச் சமிக்ஞை எந்த நாளில் வருகிறதோ அதையே அந்த வரிசையில் தட்டில் ஊற்றுகிறார்கள். அன்று கிடைத்த செல்கள் இன்சுலினைச் செய்தன, சர்க்கரை ஏறும்போது சரியாகச் சுரக்க மட்டும் தெரியவில்லை. கருவில் இருக்கும் கணையச் செல்லுக்கும் அது தெரியாது. பிறந்த பிறகுதான் அது முதிர்கிறது. அடுத்து வந்த ஆய்வுக்குழுக்கள் செலவிட்ட ஆண்டுகளில் பெரும்பகுதி அந்த முதிர்ச்சியைத் தட்டிலேயே வரவழைப்பதற்குப் போனது.